குழாயின் மறுமுனை

“வாய்தான் வேணுமெண்டு ஆர் சொன்னது? காத்து வந்தாச் சரி. காத்துக்கு முகம் இருக்கோ?”

“முகம் இல்லைத்தான். ஆனால் அவர் கேப்பாரே.”

“கேட்டால் நான் சொல்லுறன். நீங்கள் முதலிலை இதை ஒருக்கா மிதிச்சுப் பாருங்கோ, சறோஜா.”

சறோஜா செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தாள். கூடாரம் அடித்துத் தங்கப் போகிறவர்கள் காற்றுமெத்தைக்குக் காற்றடிக்கக் கொண்டுபோகும் கால்பம்பு அது. மஞ்சள் நிறம், சோற்றுக்கோப்பை அளவு, மிதித்தால் பெருமூச்சு விடும். மகேசன் அதன் வாயில் மெலோடிக்காவின் குழாயைச் செருகி, சைக்கிள் ரியூப் துண்டொன்றால் இறுக்கிக் கட்டியிருந்தான். அவள் வலது கையால் மூன்று கட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினாள். சத்தம் வந்தது. நேரான, தட்டையான சத்தம். பொருள் தெரியாத மொழியை யாரோ எழுத்துக்கூட்டி வாசிப்பதுபோல.

மகேசன் திருப்தியோடு தலையாட்டினான். அவனுக்கு இருபத்தாறு வயது. ஒக்லண்டில், த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியில் றேடியோப் பெட்டிகள் விற்பது அவன் தொழில். கிற்றார் வாசித்துக்கொண்டு பாடுவது அவன் உயிர். அவர்கள் நின்றது அவனுடைய வீட்டுக் கராஜில். மூலையில் ட்ரம்ஸ் அடிக்கும் கிறேய்க் என்ற வெள்ளைக்காரப் பொடியன், தமிழ் விளங்காதவன், ஒரு திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தான். முறுக்குவதை நிறுத்தி அவன் பம்பைப் பார்த்தான், பிறகு சறோஜாவைப் பார்த்தான், பிறகு மறுபடியும் முறுக்கினான்.

யாரைப் பற்றிக் கதைக்கிறார்களோ அவன் அங்கே இல்லை. சறோஜாவின் புருஷன் செபஸ்ரியனைப் பால் வாங்கிவரும்படி மூலையிலிருந்த டெயரிக் கடைக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டு கையிலும் சேர்த்து மூன்றே விரல் உள்ள ஒருவன், பால் போத்தல் இருக்கும் பையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, கடைக்காரனைக் கொண்டே காசை எடுப்பித்து, மீதியைச் சட்டைப்பைக்குள் போடுவித்துத் திரும்பி வர எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது சறோஜாவுக்கு நன்றாகத் தெரியும். பம்பைப் பரிசோதிக்க அந்த நேரம் போதும் என்று மகேசனுக்குச் சொன்னவளும் அவள்தான்.

மெலோடிக்கா என்பது ஆர்மோனியத்துக்கும் ஊதுகுழலுக்கும் பிறந்த பிள்ளை. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள், உள்ளே பித்தளை நாக்குகள், ஒரு பக்கத்தில் ஊதுவதற்கு ஒரு துளை. துளையில் நெளிவான பிளாஸ்ரிக் குழாயைச் செருகிக்கொண்டால் பெட்டியை மேசையில் வைத்தும் வாசிக்கலாம். மன்னாரில் செபஸ்ரியன் படித்த பள்ளிக்கூடத்தில், விளையாட்டுப் போட்டி அணிவகுப்பில் அதை ஊதிக்கொண்டு முன்னால் போனவன் அவன். பிறகு கலியாண வீடுகளில் ஊதினான். எண்பத்து நான்கில் நியூசிலாந்துக்கு வந்தபோது உடுப்புகளுக்கு நடுவே அதை வைத்துக் கொண்டுவந்தான். நியூ லின்னில் ஓடு அச்சடிக்கும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. சறோஜா வந்து சேர்ந்து மூன்றாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அச்சு இயந்திரம் அவன் இரண்டு கையையும் வைத்து இறங்கியது. வலக்கையில் பெருவிரலும், இடக்கையில் பெருவிரலும் சின்னவிரலும் மிஞ்சின.

அதன்பிறகு ஆறு மாதம் மெலோடிக்கா கட்டிலுக்குக் கீழே கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சறோஜா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, செபஸ்ரியன் அதை முழங்கையால் இழுத்தெடுத்து மேசையில் வைத்துக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு ஊதினான். கட்டை எதையும் அழுத்தாமல் ஊதினால் மெலோடிக்காவுக்குள் காற்றுப் போக வழியில்லை. கன்னம் மட்டும் வீங்கும். அவன் அப்படியே கன்னம் வீங்க, கண்ணில் தண்ணீர் முட்ட ஊதிக்கொண்டிருந்தான். சறோஜா வெங்காயக் கையைத் துடைக்காமலே வந்து ஒரு வெள்ளைக்கட்டையை அழுத்தினாள். அடைபட்டு நின்ற காற்று முழுவதும் ஒரே சத்தமாய் வெளியே வந்தது.

அவளுக்கும் கொஞ்சம் தெரியும். மாதா கோயிலில் பாடகர் குழுவுக்கு ஆர்மோனியம் வாசித்தவள். அன்று பின்னேரம் சோறு சமைக்கப்படவில்லை.

இப்படித்தான் அந்த ஒரு வாத்தியத்துக்கு இரண்டு ஆட்கள் ஆனார்கள். விரல் அவளுடையது, மூச்சு அவனுடையது. மேசையின் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன், நடுவில் மூன்று அடிக் குழாய். அவன் நாக்கால் ‘து, து’ என்று காற்றை நறுக்குகிற இடத்தில் அவள் விரல் மாற வேண்டும். அவன் மூச்சு எடுக்கிற இடத்தில் அவள் கையைத் தூக்க வேண்டும். தொடக்கத்தில் அவன் தோளைப் பார்த்துத்தான் தூக்கினாள். நாலைந்து மாதத்தில் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவன் எப்போது மூச்செடுப்பான் என்பது அவளுடைய மணிக்கட்டுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் பெட்டியின் அடியில் இருக்கும் பொத்தானை அமத்தி, உள்ளே தேங்கிய அவன் எச்சில் தண்ணீரை ஒரு லேஞ்சித் துணியில் தட்டிவிடுவாள். அதை அருவருப்பு என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. நினைக்க நேரமும் இல்லை. அவன் சட்டைக்குப் பொத்தான் பூட்டுவதும், சோறு பிசைந்து ஊட்டுவதும், சவரம் எடுப்பதும் அவள்தானே.

எண்பத்தாறு தைப்பொங்கல் விழாவில் மகேசன் அவர்களைக் கேட்டான். மண்டபத்தில் இருந்தவர்கள் பாவம் பார்த்து அமைதியாக இருந்தார்கள். மகேசன் மட்டும் பாவம் பார்க்கவில்லை, காது கொடுத்தான். நகரத்து பப்களில் ரெகே குழுக்கள் மெலோடிக்கா ஊதுவதை அவன் கேட்டிருக்கிறான். இது வேறு மாதிரி இருந்தது. ஒரே ஆளின் வாயும் விரலும் என்றால் இரண்டும் ஒன்றையொன்று ஏமாற்றிவிடும். இங்கே ஒன்று மற்றதற்காகக் காத்திருந்தது. அந்தக் காத்திருப்பு சத்தத்தில் கேட்டது. அடுத்த சனிக்கிழமையே இரண்டு பேரையும் தன் கராஜுக்கு அழைத்துவந்து கிறேய்க்குக்கும் குழுவில் பேஸ் கிற்றார் வாசிப்பவனுக்கும் முன்னால் இருத்தினான்.

பாட்டின் வரிகளை மகேசன் ஆங்கிலத்தில் எழுதினான்: மழை, பஸ் தரிப்பிடம், வராத ஒருத்தி. அதைவிட ஆயிரம் நல்ல பாட்டு ஊரில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் வரிகளுக்கு நடுவே மெலோடிக்காவில் பதினொரு சுரம் வரும். ஆஸ்பத்திரியில் இரண்டு கையும் துணிப்பொட்டலமாய்க் கிடந்த நாட்களில் செபஸ்ரியன் மூக்குக்குள் முனகிய மெட்டு அது. யாரும் கேட்காமலே அதை அவன் பாட்டுக்குக் கொடுத்தான். ஒரு அடித்தளத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிந்து, மாணவர் றேடியோவுக்குக் கொடுத்தார்கள். இடையிடையே பப்களிலும் வாசித்தார்கள். கேட்டவர்கள் வரிகளை மறந்தார்கள், பதினொரு சுரத்தை மறக்கவில்லை. பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அதைச் சீழ்க்கையடித்துக்கொண்டு இறங்கியதைச் சறோஜா கண்ணால் கண்டாள். எண்பத்தேழு ஒக்ரோபரில் தொலைக்காட்சியிலிருந்து கடிதம் வந்தது. சனிக்கிழமை பின்னேரங்களில் நாடு முழுவதும் பார்க்கும் பாட்டு நிகழ்ச்சி. மூன்று கிழமையில் வந்து வாசிக்க வேண்டும்.

கடிதம் வந்த அன்று மகேசனின் தாய் ரதிதேவி எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். செபஸ்ரியனின் கோப்பைக்குள் மறக்காமல் ஒரு உறிஞ்சுகுழல் வைத்தார். அவன் வெளியே கிறேய்க்கோடு நின்ற நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தாமல், குடை கொண்டு போ என்று சொல்வதுபோலச் சொன்னார்:

“முதல் முதல் ஊருக்கு முகம் காட்டுற காரியம், பிள்ளை. மூளியை முன்னுக்கு இருத்தக் கூடாது. பேந்து எத்தினை தரமும் இருத்தலாம்.”

அவர் கெட்ட மனுசி இல்லை. விபத்து நடந்த மாதம் முழுவதும் ரதிதேவியின் சமையல்தான் ஆஸ்பத்திரிக்குப் போனது. ஆனால் கலியாண வீட்டுக்குப் புறப்படும்போது யார் எதிரே வரலாம், யார் வரக்கூடாது என்பது அவருக்கு அரிசியில் கல் பொறுக்குவதைப்போலத் தெரிந்த விஷயம். மகன் அதை நம்புகிறவன் இல்லை, சிரித்தான். சிரித்துவிட்டு, ஆனாலும் அம்மா சொல்லுறதிலை ஒரு விஷயம் இருக்கு, என்றான். வெள்ளைக்காரர் பார்த்தால் இதென்ன, பாட்டு நிகழ்ச்சியோ ஆஸ்பத்திரி நிகழ்ச்சியோ என்று நினைப்பார்கள். தேநீர் குடித்துக்கொண்டு பார்க்கிற சனத்துக்கு அந்தக் கைகளைக் காட்டலாமா?

சறோஜா வேதக்காரி. சகுனம் பார்ப்பவர்களைப் பார்த்துச் சின்ன வயசிலிருந்தே சிரித்தவள். அன்றும் சிரித்திருக்கலாம். ஆனால் போன வருடம் ஒரு ஞானஸ்நான வீட்டில் படம் எடுத்தபோது, கையைப் பொக்கற்றுக்குள் வையுங்கோ என்று புருஷனுக்குச் சொன்னவள் அவள்தான். அவனும் வைத்தான். அந்தப் படம் வரவேற்பறையில் தொங்கியது. அதில் அவன் நல்ல வடிவாக இருந்தான்.

பிறகு ஒக்லண்ட் தமிழ்ச் சனம் சறோஜாவையும் மகேசனையும் பற்றி ஒரு கதை கட்டியது. அதில் உண்மை இல்லை. இருந்திருந்தால் ஒருவேளை மன்னிக்கலாம். ஆசைக்குக் கண் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போகலாம். அவளுக்கு இருந்தது வேறு. மேடையில் அவள் விரல்கள் எவ்வளவு ஓடினாலும் சனம் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான். குழாயைக் கவ்விய வாயையும், தொடைமேல் கிடக்கும் இரண்டு கைகளையும். வாசித்து முடிந்ததும் பெண்கள் வந்து அவள் தோளைத் தடவி, நீ ஒரு புனிதவதி என்றார்கள். நீ நன்றாக வாசிக்கிறாய் என்று ஒருத்தி சொல்லவில்லை. நாள் முழுதும், அவள் வேலை செய்யும் கடையில், காசு மெஷினில் சாமான்களின் விலையை அடித்து அடித்துத் தள்ளுகிற விரல்கள் அவளுக்கு. அவற்றை ஒரே ஒரு தரம் யாராவது தனியாகப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். இந்த ஆசையில் என்ன பிழை என்று அவள் தன்னையே பல தடவை கேட்டாள். பிழை ஒன்றும் தெரியவில்லை.

பம்பைப் பரிசோதித்த அன்று, செபஸ்ரியன் பாலோடு கராஜுக்குள் வந்தான். பையை வாங்க ஒருவரும் எழும்பவில்லை. எல்லாரும் அவன் பம்பைப் பார்க்கிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் பார்த்தான். குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கண்ணாலேயே ஒருமுறை தொடர்ந்தான்.

மகேசன் ஆயத்தமாக வைத்திருந்ததைச் சொன்னான். அங்கே விளக்குகளின் சூடு தாங்காது, குழாய் கமெராவுக்குக் குறுக்கே நிற்கும், அதோடு நாலு பேருக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள் — அவனும், சறோஜாவும், கிறேய்க்கும், பேஸ் கிற்றார்காரனும். இது ரீவிக்கு மட்டும்தான், அண்ணை, என்று முடித்தான்.

செபஸ்ரியன் பையை மணிக்கட்டிலிருந்து மெல்ல மேசையில் இறக்கினான்.

“வாசி பாப்பம், சறோ,” என்றான்.

அவள் மிதித்துக்கொண்டு பதினொரு சுரத்தையும் வாசித்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்த மகேசன் கிற்றாரை எடுத்து மடியில் தடுப்புப்போல வைத்துக்கொண்டான். ஆனால் செபஸ்ரியன் கண்ணைத் திறந்து சொன்னது வேலைக் கதை. மூன்றாம் சுரத்தில் காற்று விழுகிறது. இரண்டாவதில் பாதி மட்டும் மிதித்து நிறுத்த வேண்டும். எட்டாவதுக்கு முன்னால் காலை முழுக்கத் தூக்கிவிட வேண்டும், அங்கே ஒன்றும் இருக்கக்கூடாது, அந்த ஒன்றுமில்லாததில்தான் பாட்டே நிற்கிறது. அவன் நிலத்தில் குந்தியிருந்து, அவள் குதிக்காலைத் தன் பெருவிரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினான். அன்று மட்டும் இல்லை, மூன்று கிழமையும். வேலையால் வந்து அவள் களைத்திருந்தாலும் விடமாட்டான். தன் மூச்சை அவள் காலுக்குச் சொல்லிக்கொடுத்தான். அவள் கால் ஓரளவுக்குப் படித்தது. பாட்டு முடிந்ததும் தட்டிவிட எச்சில் தண்ணீர் இருக்கவில்லை. இப்பதான் சுத்தமா இருக்கு என்று ரதிதேவி மெச்சினார்.

கிறேய்க் மட்டும் ஒருநாள் மகேசனை வெளியே கூட்டிக்கொண்டுபோய், முன்பு அந்தப் பெட்டிக்குள் ஒரு ஆள் இருந்தார், இப்போது இல்லை, ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டான். அது எங்கள் பண்பாடு, செபஸ்ரியனே கூச்சப்பட்டு விலகிவிட்டார் என்றான் மகேசன். பண்பாடு என்ற சொல்லுக்குப் பிறகு வெள்ளைக்காரப் பொடியன் ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு வசதி.

போகிற நாளன்று செபஸ்ரியன் ஒரே ஒன்று கேட்டான்: தானும் குழுவின் வான் வண்டியில் வரட்டுமா? வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. தொலைக்காட்சி நிலையத்து வாசலில் நாலு அட்டை கொடுத்தார்கள். அனுப்பிய படிவத்தில் மகேசன் நாலு என்று எழுதியிருந்தான், ஆகவே நாலு. வானை நிறுத்தியதும் சறோஜா பக்கத்துக் கண்ணாடியை நாலு விரல்கடை இறக்கிவிட்டாள், அவனால் அதைச் சுற்ற முடியாது. சோடாப் போத்தலைத் திறந்து, உறிஞ்சுகுழல் போட்டு, அவன் தொடைகளுக்கு நடுவே இடுக்கி வைத்தாள். ஒரு மணித்தியாலத்திலை வந்திடுவம் என்றாள்.

உள்ளே, சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண், கையில் தாள்களோடு, ஓடிவந்து எல்லாருக்கும் கைகொடுத்தாள். நிகழ்ச்சியைத் தயாரிக்கிறவள் அவள்தான். ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். மூச்சுவிடுகிற ஆள் எங்கே என்று கேட்டாள்.

ஒரு பப்பில் உங்களைப் பார்த்துவிட்டுத்தான் கடிதமே போட்டேன் என்றாள் அவள். வாருங்கள் என்று இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினாள். மேடை நடுவில் இரண்டு கதிரைகள் எதிரெதிரே போட்டிருந்தன. இடையில் கண்ணாடி மேசை. மேசையின் நீளத்துக்கு நிலத்தில் சின்னத் தண்டவாளம் ஒன்று பதித்து, அதில் கமெராவை ஏற்றியிருந்தார்கள். இந்த விரல்களில் தொடங்கி, கமெரா குழாய் வழியே மெல்ல மெல்லப் போய், அவருடைய வாயில் முடியும், பிறகு அவருடைய கைகள் என்றாள் அந்தப் பெண். சொல்லும்போது அவள் குரல் தணிந்தது. இரண்டு நாளாக இதைத்தான் கட்டினோம் என்றாள்.

மகேசன் சறோஜாவைப் பார்த்தான். கிறேய்க்கும் சறோஜாவைத்தான் பார்த்தான். வானில் இருக்கிறார் என்று ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் போதும். ஒரு நிமிட நடை, ஒரு கதவு. ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னால், ஏன் வானில் இருக்கிறார் என்ற அடுத்த கேள்வி வரும். அதோடு, அந்தக் கமெரா. அது அவள் விரல்களில் தொடங்குமாம். தொடங்கி, அவற்றை விட்டுவிட்டுப் போய்விடுமாம்.

“அவர் நாட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்,” என்றாள் சறோஜா, ஆங்கிலத்தில், பிழையில்லாமல்.

அந்தச் சண்டைக்குள்ளா என்று கேட்டாள் அந்தப் பெண். ஆமாம், தாய்க்குச் சுகமில்லை என்றாள் சறோஜா. அந்தப் பெண் கண் கலங்கி அவள் தோளைத் தொட்டுவிட்டு, தாளில் ஏதோ எழுதிக்கொண்டாள். ஒருவர் வந்து இரண்டு கதிரைகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்.

பம்பை வெளியே எடுத்தபோது எல்லாரும் சிரித்தார்கள். இங்கே ஒன்றும் உண்மையில் வாசிக்கத் தேவையில்லை, இசைத்தட்டைப் போடுவோம், நீங்கள் வாசிப்பதுபோலக் காட்டினால் போதும் என்றார்கள். ஆனாலும் மஞ்சள் நிறம் கமெராவில் நன்றாக இருக்கிறது, மிதியுங்கள் என்றார்கள். விளக்குகள் எரிந்தன. கமெரா அவள் விரல்களுக்குக் கிட்ட வந்து நின்றது. மேலே பெட்டிகளிலிருந்து பாட்டு வந்தது. பதினொரு சுரம் வந்தது. அது செபஸ்ரியனின் மூச்சு. எட்டாவதுக்கு முன்னால் அவன் மூக்கால் காற்றை இழுக்கும் சின்னச் சத்தம்கூட அந்த மண்டபம் முழுவதும் கேட்டது. சறோஜாவின் கால் தாளம் தப்பியது. அது படத்தில் தெரியாது என்று சொன்னார்கள்.

திரும்பி வந்தபோது வானின் கண்ணாடிகளில் ஆவி படிந்திருந்தது. செபஸ்ரியன் நல்லாப் போச்சோ என்று கேட்டான். நல்லாப் போச்சு என்றார்கள். காவல்காரன் வந்து ஆர் எண்டு கேட்டான், நான்தான் டிரைவர் எண்டு சொன்னன் என்றான், கைகளைத் தூக்கிக் காட்டி. அவனே அதற்குச் சிரித்தான். வானில் மற்றவர்களும் சிரித்தார்கள். சிரிக்க ஒரு காரணம் கிடைத்ததில் எல்லாருக்கும் ஆறுதல்.

அடுத்த சனிக்கிழமை ரதிதேவி வீட்டில் வடை சுட்டார். அவருடைய தம்பி நவரத்தினமும் வந்திருந்தார். செபஸ்ரியனை ரீவிக்கு நேர் எதிரே நல்ல கதிரையில் இருத்தி, மடியில் ஒரு தட்டும் வைத்தார்கள். சறோஜா வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். அவன் நாட்டுக்குப் போன கதையைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள் என்று அவள் கிழமை முழுவதும் நம்பியிருந்தாள். ரீவியில் எதையும் வெட்டுவார்களாம்.

வெட்டவில்லை. பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளன் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு வந்து நின்றான். நீங்கள் கேட்கப்போகும் மூச்சின் சொந்தக்காரர் இன்று நம்மோடு இல்லை, போர் நடக்கும் தன் நாட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார், அவர் எங்கிருந்தாலும் சுகமாக இருக்கட்டும் என்றான். பிறகு சறோஜாவின் விரல்கள் திரை முழுக்க வந்தன.

உவன் என்ன சொல்லுறான் என்று ரதிதேவி கேட்டார். ஒண்டுமில்லை அம்மா, பாட்டைப் பற்றி என்றான் மகேசன். கிறேய்க் எழும்பி, தன் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஆங்கிலம் விளங்கிய எல்லாருடைய தலையும் செபஸ்ரியன் பக்கம் திரும்பி, உடனே ரீவிக்குத் திரும்பியது. நவரத்தினத்துக்குத்தான் அந்த அமைதி பொறுக்கவில்லை.

“என்ன ஐசே,” என்றார், “ஊருக்குப் போட்டு எப்ப வந்தனீர்? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே.”

முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும். செபஸ்ரியனும் சிரித்தான். சிரிப்பில் தட்டுச் சரிந்து வடை நிலத்தில் விழுந்தது. அதை எடுக்க அவன் குனிந்தபோது பதினொரு சுரமும் முடிந்துவிட்டது.

அவர்கள் நியூ லின்னில் தங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது வெயில் இன்னும் போகவில்லை. சறோஜா கார் ஓட்டினாள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் சொல்ல மூன்று பதில் வைத்திருந்தாள்: மகேசன் சொல்லச் சொன்னது, பயத்தில் வாய் தவறி வந்தது, உங்களுடைய நன்மைக்குத்தான். மூன்றில் எது முதலில் என்று ஒவ்வொரு சந்தியிலும் மாற்றி மாற்றி அடுக்கினாள். அவன் கத்தவில்லை. புல்வெட்டும் மனிதர்களையும், வேலிகளையும் பார்த்துக்கொண்டு வந்தான். ஒருதரம், திரையில் அவள் விரல்கள் வடிவாக இருந்தன என்றான். அதை இவ்வளவு காலமும் ஒருவரும் அவளுக்குச் சொன்னதில்லை. அவள் ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடித்தாள்.

சிவப்பு விளக்கில் கார் நின்றது. செபஸ்ரியன் தொண்டையைச் செருமினான்.

“சறோ, இனி வாற இடங்களிலை அந்தப் பம்பை நான் மிதிக்கட்டே? எனக்குக் கால் ரண்டும் நல்லாத்தானே இருக்கு. நான் மேசைக்குக் கீழை இருப்பன், சுத்திக் கறுப்புத் துணி போட்டுவிடுங்கோ, ஒருத்தருக்கும் தெரியாது. நீ கட்டையை மட்டும் பாத்தாப் போதும். மகேசன் தம்பியிட்டை நீயே ஒருக்காக் கேட்டுச் சொல்லுவியே?”